இரட்சிப்பு இலவசமென்றால் கீழ்ப்படிதல் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில் ஒரு தமிழ் மெதடிஸ்ட் சபையில் புதன்கிழமை இரவு வேதபாடம் நடத்தி வருகிறேன். ரோமர் நிருபமோ யோவான் சுவிசேஷமோ, எதை எடுத்தாலும் கேள்விகள் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. விசுவாசித்தால் போதுமா, நாமும் ஏதாவது செய்ய வேண்டுமா? செய்யாவிட்டால் கிடைத்தது போய்விடுமா? ஒரே குடும்பத்தில் கத்தோலிக்கரும் லுத்தரனும் பெந்தெகொஸ்தேகாரரும் இருக்கிற ஊர் இது. கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும்கூட இந்த விவாதம் எழுகிறது. அதனால் அடிக்கடி வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லி வரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். மற்ற சபைகள் வேறுவிதமாகச் சொல்லும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இரட்சிக்கப்படுவதற்குத் தொடர்ந்து முயற்சி செய்ய வேண்டுமா?

இரட்சிப்பைச் சம்பாதிக்க நம்மால் முடியாது. எத்தனை ஜென்மம் எடுத்தாலும் முடியாது என்று நம் பெரியவர்கள் பேச்சுவழக்கில் சொல்வார்களே, அந்த அளவுக்கு முடியாது. ஆனால் இரட்சிக்கப்பட்டவனாக வாழ்வதற்கு முயற்சி வேண்டும். அது கடைசி மூச்சு வரைக்கும் வேண்டும்.

இந்த இரண்டையும் பவுல் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். எபேசியர் 2:8, 9 ஞாயிறு பள்ளியில் படித்த எல்லோருக்கும் மனப்பாடம்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். பத்தாம் வசனத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்யக் கொடுத்திருக்க வேண்டும்: "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு, தேவனுடைய செய்கையாயிருக்கிறோம்." ஒன்பதாம் வசனம் வாசலில் கிரியையைத் தடுத்து நிறுத்துகிறது. பத்தாம் வசனம் அதை வீட்டுக்குள் வேலைக்குக் கூப்பிடுகிறது.

பிலிப்பியர் 2:12, 13 இன்னும் கூர்மையானது. "அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று சொல்லிய கையோடு, "தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்" என்று காரணம் காட்டுகிறார். தேவன் செய்வதால் நீ சும்மா இரு என்று அவர் சொல்லவில்லை. தேவன் உனக்குள் செயல்படுகிறார், ஆகவே நீ பிரயாசப்படு என்கிறார்.

கடைசியில் கீழ்ப்படியத்தானே வேண்டும்? அப்படியானால் அதுவும் ஒரு விலைதானே?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டு அனுபவத்திலிருந்தே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே உழைத்து, முதுமை வரைக்கும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த தாத்தா பாட்டிகளை நமக்குத் தெரியும். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டு, மலாய் மொழித் தேர்வுக்குப் போய் உட்கார்ந்து, பதில் வருமா வராதா என்று வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். குடியுரிமை உள்ள பெற்றோருக்கு இங்கே பிறக்கும் குழந்தைக்கு அந்தத் தேர்வு கிடையாது. அது பிறப்பினாலேயே இந்நாட்டுப் பிள்ளை. அந்தக் குழந்தையும் வளர்ந்த பிறகு சட்டத்தை மதிக்கிறது, வரி கட்டுகிறது, அக்கம்பக்கத்தாரோடு ஒத்து வாழ்கிறது. குடிமக்களுக்கான நீல அட்டை வாங்குவதற்காக அல்ல, இது தன் நாடு என்பதற்காக. "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்று பிலிப்பியர் 3:20 சொல்கிறது. கீழ்ப்படிதலைத் தேர்வாக நினைத்து வாழ்கிறவர் எப்போதும் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருப்பார். பிள்ளையாக வாழ்கிறவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

இருவரும் வெளிப்பார்வைக்கு ஒரே காரியங்களைத்தான் செய்கிறார்கள். ஜெபிக்கிறார்கள், கொடுக்கிறார்கள், மன்னிக்கிறார்கள். ஆகையால் வெளியே பார்த்து யார் எந்த வகை என்று நாம் தீர்ப்பளிக்க முடியாது. தன் உள்ளத்தைத்தான் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பவுல் "கிரியைகளில்லாமல்" என்கிறார். யாக்கோபு "கிரியைகளினாலேயும்" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?

வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உண்மையிலேயே திகைப்பாக இருக்கும். ரோமர் 3:28: "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்." யாக்கோபு 2:24: "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்." சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரே 1522-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதிவிட்டார். அந்த விஷயத்தில் அவர் அவசரப்பட்டார் என்பது என் கருத்து.

இருவரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் அவருடைய வாழ்க்கையில் வெவ்வேறு இடங்களைக் காட்டுகிறார்கள். பவுல் காட்டுவது ஆதியாகமம் 15. வானத்து நட்சத்திரங்களைக் காட்டி ஆண்டவர் வாக்குக் கொடுக்கிறார், ஆபிரகாம் விசுவாசிக்கிறார், அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. அப்போது அவருக்கு விருத்தசேதனம் ஆகவில்லை. இஸ்மவேல் பிறக்கும்போது அவருக்கு 86 வயது, விருத்தசேதனம் பெற்றபோது 99. நட்சத்திர இரவு இந்த இரண்டுக்கும் முந்தியது. ஆகவே குறைந்தது பதின்மூன்று வருடம், எந்தச் சடங்கும் இல்லாமல், நீதிமான் என்று எண்ணப்பட்ட மனிதராகவே அவர் வாழ்ந்திருக்கிறார். ரோமர் 4:10-இல் பவுல் இந்த வரிசையைத்தான் சுட்டிக்காட்டுகிறார்.

யாக்கோபு காட்டுவது ஆதியாகமம் 22. ஈசாக்கு பிறந்து, வளர்ந்து, விறகைச் சுமந்து மலை ஏறும் வயது வந்த பிறகு நடந்தது அது. விசுவாசம் தொடங்கிய நாளை விட்டுவிட்டு, பல ஆண்டு கழித்து அது எப்படி நிற்கிறது என்று யாக்கோபு பார்க்கிறார். அவர் யாரோடு வாதாடுகிறார் என்பதையும் கவனியுங்கள். சாப்பாடும் துணியும் இல்லாத சகோதரனைப் பார்த்து, சமாதானத்தோடே போ, குளிர் காய்ந்து பசியாறு என்று வாயால் சொல்லி அனுப்புகிறவனோடு வாதாடுகிறார். "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்கிறார். பிசாசுகளுக்கும் இருக்கிற அந்த அறிவை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் தன்னை விசுவாசி என்று சொல்லிக்கொண்டால், பவுலும் அதை ஏற்கமாட்டார். கலாத்தியர் 5:6-இல் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று எழுதியவர் பவுல்தான்.

வேதபாடத்தில் நான் சொல்வது இது: தன் நற்செயல்களைக் காட்டிப் பெருமை பேசுகிறவர் ரோமர் நிருபத்தை வாசிக்கட்டும். தன் விசுவாசத்தைக் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பவர் யாக்கோபை வாசிக்கட்டும். நம்மில் பலர் நேர்மாறாகத்தான் செய்கிறோம். அவரவருக்கு வசதியான நிருபத்தில்தான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

நீங்கள் மெதடிஸ்ட். உங்கள் சபையே சட்டதிட்டத்தில் பிறந்ததுதானே?

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதையை முழுமையாகக் கேட்டால் இது மாறும். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது அவரும் நண்பர்களும் புதன், வெள்ளி உபவாசம் இருந்தார்கள், சிறைக்கைதிகளைச் சந்தித்தார்கள், நேரத்தைக் கணக்குப் போட்டுச் செலவழித்தார்கள். அப்படிப்பட்டவர் 1735-இல் ஊழியத்துக்காக அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். நடுக்கடலில் புயல் அடித்தபோது மரணபயத்தில் நடுங்கினார். அதே கப்பலில் மொரேவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானிய விசுவாசிகள் அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். தன்னிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருக்கிறது என்பது அவருக்கு உறைத்தது.

ஊழியத்தில் தோற்றுப்போன மனதோடு லண்டன் திரும்பினார். 1738 மே 24 இரவு, ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கிறிஸ்து தன் பாவங்களையே நீக்கினார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. அதுவரை அவரிடம் கீழ்ப்படிதலுக்குக் குறைவில்லை. குறைவாக இருந்தது நம்பிக்கைதான்.

அந்த இரவுக்குப் பிறகு அவர் ஒழுங்குகளைத் தூக்கி எறிந்தாரா? இல்லை. 1743-இல் தம்முடைய மெதடிஸ்ட் சங்கங்களுக்குப் பொது விதிகளை எழுதினார்: தீமை செய்யாதே, உன்னால் இயன்ற நன்மையைச் செய், ஆராதனை, ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து, உபவாசம் ஆகியவற்றைக் கைக்கொள். இந்த மூன்றும் மிகக் கண்டிப்பானவை. ஆனால் சேர வருகிறவரிடம் அவர் கேட்ட நிபந்தனை ஒன்றுதான்: வரும் கோபத்துக்குத் தப்பி, பாவத்திலிருந்து விடுதலையாக வேண்டும் என்ற ஆசை. ஆசை இருந்தால் உள்ளே வரலாம். ஆசை உண்மையென்றால் வாழ்க்கையில் தெரியட்டும் என்று விதிகள் பிறகு வந்தன. இந்த வரிசை புரட்டிப் போடப்பட்ட சபைகளில் மனிதர்கள் மூச்சுத் திணறுவதைப் பார்க்கிறோம்.

என் மனைவி கத்தோலிக்கர். கத்தோலிக்கர்கள் கிரியையினால் இரட்சிப்பு என்றுதானே போதிக்கிறார்கள்? ஒவ்வொரு ஜூலையும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னா திருவிழாவுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்.

அண்ணா, முதலில் ஒரு வேண்டுகோள். உங்கள் மனைவி எதற்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறார் என்று அவரிடமே கேளுங்கள். ஜூலை 26-ஐ ஒட்டிய அந்த நாட்களில் நாடெங்கிலுமிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள். தங்கை கணவருக்கு வேலை கிடைத்ததற்கு நன்றி சொல்ல வந்தவரும், பிள்ளை வரம் கேட்டு வந்தவரும், தாயின் நினைவாக வந்தவரும் அந்த மெழுகுவர்த்தி ஊர்வலத்தில் சேர்ந்து நடக்கிறார்கள். மெழுகுவர்த்தி வாங்கிப் பரலோகத்துக்கு டிக்கெட் எடுப்பதாக அவர்களில் எத்தனை பேர் நினைப்பார்கள்?

போதனைக்கு வருவோம். சீர்திருத்தவாதிகளுக்குப் பதில் சொல்லவே கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், 1547-இல் நீதிமானாக்கப்படுதலைக் குறித்து ஆணை வெளியிட்டது. அதன் முதல் விதியே, கிறிஸ்துவின் வழியாக வரும் தேவ அருள் இல்லாமல், தன் சொந்தச் செயல்களால் மனிதன் நீதிமானாக முடியும் என்று சொல்கிறவனைக் கண்டிக்கிறது. இது பல புராட்டஸ்டண்ட் பிரசங்கியார்களுக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம். அதற்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே, மனிதன் தன் முயற்சியால் பாவமின்றி வாழ முடியும் என்ற பெலேஜியஸின் போதனையை அகுஸ்தீன் எதிர்த்தார், 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் அதை மறுத்தது. அந்த முடிவை நாங்களும் கத்தோலிக்கரும் சேர்ந்தே சுமக்கிறோம்.

1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. தமிழர்கள் பெரும்பான்மையாக இருக்கும் நம் மலேசிய சுவிசேஷ லுத்தரன் சபையும் அந்தச் சம்மேளனத்தைச் சேர்ந்ததுதான். நம்மில் உள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார். நற்செயல்களுக்கு நம்மைத் தகுதிப்படுத்தி அழைக்கும் ஆவியையும் தருகிறார் என்பது அந்த அறிக்கையின் சாரம். 2006-இல் உலக மெதடிஸ்ட் மன்றமும் சியோலில் கூடியபோது இதில் இணைந்தது.

வேறுபாடுகள் தீர்ந்துவிட்டன என்று சொல்லமாட்டேன். அருளினால் செய்யும் நற்செயல்களுக்குப் பலனும் தகுதியும் உண்டு என்று கத்தோலிக்கர் பேசுவதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. சாவான பாவம், அதாவது மிகக் கனமான பாவம், அருள்நிலையை அழிக்கும், ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) அது மீண்டும் கிடைக்கும் என்கிற ஒழுங்கும் எங்களிடம் இல்லை. இறந்தவர்கள் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் பற்றியும் கருத்து வேறு. ஆனாலும் "நீங்கள் கிரியை, நாங்கள் கிருபை" என்று ஒரே வரியில் பிரித்து வைப்பது பொய்ச்சாட்சி. வீட்டுக்குள் அது சண்டையையும் மூட்டிவிடும்.

ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் என்றென்றைக்கும் இரட்சிக்கப்பட்டதாகுமா?

இதில் சபைகள் உண்மையாகவே பிரிந்திருக்கின்றன. சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் வழிவந்த சபைகள், தேவன் தெரிந்துகொண்டவர்கள் இறுதியாக விழுந்துபோகமாட்டார்கள் என்கின்றன. 1618-19-இல் நெதர்லாந்தின் தோர்ட் நகரில் கூடிய சங்கம் அதை வரையறுத்தது. எங்கள் வெஸ்லி மரபும், அசெம்பிளீஸ் ஆஃப் காட் போன்ற பெந்தெகொஸ்தே சபைகளும், விசுவாசி ஒருவர் விசுவாசத்தையே உதறிவிட்டுப் போக முடியும் என்று எச்சரிக்கின்றன.

இரு பக்கத்துக்கும் வசனம் உண்டு. "அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை, ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்று யோவான் 10:28-இல் ஆண்டவர் சொல்கிறார். "முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்" என்று மத்தேயு 24:13-இல் அவரேதான் சொல்கிறார். நான் எங்கள் மரபின் பக்கம் நிற்கிறேன். எபிரெயர் நிருபத்தின் எச்சரிக்கைகள் நிஜமான ஆபத்தைப் பற்றியவை என்றே அவற்றைப் படிக்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "ஒருமுறை கை தூக்கி ஜெபித்துவிட்டேன், இனி எப்படி வாழ்ந்தாலும் கவலையில்லை" என்பதைக் கால்வினும் போதிக்கவில்லை, தோர்ட் சங்கமும் போதிக்கவில்லை. கடைசிவரை நிலைநிற்பதுதான் தெரிந்துகொள்ளப்பட்டதற்கு அடையாளம் என்பது அவர்கள் நிலை. ஆகவே, இரட்சிக்கப்பட்டவர் பாவத்தில் சுகமாகக் குடியிருக்கமாட்டார் என்பதில் இரு தரப்பும் ஒரே குரல்தான். கூட்டத்தில் கை தூக்கியதை மட்டும் ரசீதாக வைத்துக்கொண்டு வாழ்கிறவருக்கு இரண்டு மரபிலும் இடமில்லை.

விழுந்துபோனவர்களை மறுபடியும் மனந்திரும்பச் செய்ய முடியாது என்று சொல்லும் எபிரெயர் 6-ஐ வாசித்தாலே பயமாக இருக்கிறது. நான் அந்த நிலைக்கு வந்துவிட்டேனா?

பயப்படுகிறீர்களே, அதுவே நீங்கள் ஆண்டவரை உதறவில்லை என்பதற்கு நல்ல அடையாளம். கிறிஸ்துவை அறிந்த பின் அவரை வெளிப்படையாக மறுதலித்து, அதிலேயே நிலைத்துவிட்டவர்களைப் பற்றியது அந்தப் பகுதி. பேதுருவும் மூன்று தரம் மறுதலித்தார், அழுதார், திரும்பினார், மந்தையை மேய்க்கும் வேலையையும் பெற்றார். ஒன்பதாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: "நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்."

சிலுவையில் தொங்கிய கள்ளன் ஒன்றுமே செய்யவில்லையே?

ஞானஸ்நானம் பெறவில்லை, காணிக்கை போடவில்லை, ஒரு ஞாயிறுகூட ஆலயத்துக்குப் போகவில்லை. அவன் இரட்சிக்கப்பட்டது முழுக்க முழுக்கக் கிருபை. ஆனாலும் லூக்கா 23-ஐ மெதுவாக வாசித்தால், மிச்சமிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், கூட இருந்தவனைக் கண்டித்தான், எல்லோரும் பரியாசம் செய்தவருக்காகப் பரிந்து பேசினான். கைகால் ஆணியில் இருக்கும்போது ஒருவனால் வேறென்ன செய்ய முடியும்? நமக்கு அவனைவிட அதிக நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

மனந்திரும்புவதற்கு முன் சீட்டுப் பணத்தில் பலரை ஏமாற்றினேன். ஆண்டவர் மன்னித்துவிட்டார். திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும்.

மன்னிப்புக்குக் கட்டணமாக அல்ல. லூக்கா 19-இல் இயேசு வரிவசூல்காரனான சகேயுவிடம் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்று மரத்தடியிலேயே சொல்லிவிட்டார். ஊரார் முணுமுணுத்ததே அதற்காகத்தான். அதன் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்கிறான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று ஆண்டவர் பதில் சொல்கிறார். வந்துவிட்ட இரட்சிப்பு பணப்பெட்டியைத் திறந்துவிட்டது.

உங்களிடம் பணம் கொடுத்தவர்களில் துப்புரவு வேலை செய்து மாதம் நூறு வெள்ளி (ரிங்கிட்), இருநூறு வெள்ளி என்று கட்டிய அக்காமார்களும் இருந்திருப்பார்கள். மகளின் காதணியை அடகு வைத்துக் கட்டியவர்களும் இருக்கலாம். அவர்களுடைய வாசலுக்குப் போகாமல் ஆலயத்தில் சாட்சி சொல்வது அவர்களை இன்னொரு தடவை காயப்படுத்தும். மொத்தமாகக் கொடுக்க வசதி இல்லையென்றால், பெயர்களை எழுதுங்கள், ஒவ்வொருவரிடமும் நேரில் போங்கள், மாதம் இவ்வளவு என்று பேசி முடிவு செய்யுங்கள். துணைக்கு ஒருவர் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

படுத்த படுக்கையாக இருப்பவர்கள், ஞாபகம் தவறியவர்கள் எப்படிக் கீழ்ப்படிவார்கள்?

இதைக் கேட்டது எங்கள் சபையின் ஒரு பாட்டி. ஆஸ்பத்திரி வார்டில் பார்க்கப் போயிருந்தேன். தலையணைக்கு அடியிலிருந்து காணிக்கை உறைகளை எடுத்துக் கட்டிலின் மேல் பரப்பினார். எல்லாம் மாதப் பெயர் அச்சிட்ட வெறும் உறைகள். "தம்பி, இதையெல்லாம் போடவே முடியவில்லை. ஆராதனைக்கும் வரவில்லை. என் பேரை அடித்துவிடுவார்களா?" என்று கேட்டார். சபைப் பதிவேட்டைக் கேட்கிறாரா, ஜீவபுஸ்தகத்தைக் கேட்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

அறுபது வருடம் ஆலயத்தைப் பெருக்கியவர். அவர் மனதில் யாரோ இந்தப் பயத்தை விதைத்திருக்கிறார்கள் என்றால், அதற்குப் பிரசங்க பீடத்தில் நிற்கும் எங்களைப் போன்றவர்கள்தான் பொறுப்பு. அவருக்கு ரோமர் 8-இன் கடைசி வசனங்களை வாசித்தேன். மரணமானாலும், ஜீவனானாலும், உயர்வானாலும், தாழ்வானாலும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது. அந்தப் பட்டியலில் வெறும் காணிக்கை உறை எங்கேயும் இல்லை என்று காட்டினேன். கீழ்ப்படிதல் என்பது இருக்கிற பெலத்தின் அளவுக்கு. பெலன் இல்லாதபோது ஆண்டவர் கேட்பது ஒன்றுமில்லை. ஞாபகம் தவறியவர் ஆண்டவரை மறந்துபோகலாம், ஆண்டவர் அவரை மறப்பதில்லை.

தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபம் வரும், இரட்சிப்பும் சந்தேகம் என்று ஒரு போதகர் சொன்னார்.

தசமபாகத்தைக் கொண்டுவராதவர்கள் சபிக்கப்பட்டவர்கள் என்று சொல்லும் மல்கியா 3 மோசேயின் உடன்படிக்கைக்குள் இருந்த இஸ்ரவேலருக்குச் சொல்லப்பட்டது. சபைகளுக்குப் பவுல் எழுதியது 2 கொரிந்தியர் 9:7: "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல." பத்தில் ஒன்று நல்ல பழக்கம், முடிந்தவர்கள் அதற்கு மேலும் கொடுக்கட்டும். சாபத்தைக் காட்டி வாங்குவது சுவிசேஷமே அல்ல.

எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் கிறிஸ்தவன். அம்மா வருடா வருடம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பார். நான் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நாற்பது நாளும் அசைவம் தொடுவதில்லை. இதுவும் நேர்த்திக்கடன் மாதிரிதான் என்று நண்பர் சொல்கிறார்.

உங்கள் அம்மாவின் பக்தியை மதித்துப் பேசுகிறீர்கள், அப்படியே இருங்கள். வேண்டியது கிடைத்ததற்கு உடலை வருத்தி நன்றி செலுத்தும் அவருடைய நேர்மையை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

உங்கள் உபவாசத்தைப் பற்றி உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள். முப்பதாம் நாள் தெரியாமல் கோழி ரசத்தைக் குடித்துவிட்டால், ஆண்டவர் இனி என் ஜெபத்தைக் கேட்கமாட்டார் என்று தோன்றுமா? தோன்றினால், உபவாசம் உங்கள் உள்ளத்தில் பேரமாக மாறிக்கொண்டிருக்கிறது. சிரித்துவிட்டு மறுநாள் தொடர முடிந்தால் அது பயிற்சி. "என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன்" என்று பவுலும் எழுதுகிறார். நாற்பது நாளில் மிச்சமாகும் காசைக் கஷ்டப்படுகிற ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தால், ஏசாயா 58 சொல்லும் உபவாசத்துக்கு இன்னும் பக்கத்தில் வருவீர்கள்.

மத்தேயு 25-இல் செம்மறியாடும் வெள்ளாடும் பிரிக்கப்படுவது கிரியையை வைத்துத்தானே?

ஆம். இதை மழுப்பக் கூடாது. பசியாயிருந்தேன், போஜனங்கொடுத்தீர்கள், காவலிலிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள். ராஜா கேட்பது இவற்றைத்தான். இந்தப் பகுதியை விசுவாசத்தின் பெயரால் ஓரங்கட்டும் பிரசங்கங்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் வலதுபக்கத்தார் சொல்லும் பதிலைக் கேளுங்கள்: ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்? அவர்களிடம் கணக்கே இல்லை. கொடுத்ததை எழுதி வைக்கவில்லை, யாருக்குக் கொடுத்தோம் என்பதும் தெரியவில்லை. இப்போது மத்தேயு 7:22-க்குப் போங்கள். உமது நாமத்தினாலே தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம், அநேக அற்புதங்களைச் செய்தோம் என்று ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. அவர்களிடம் பட்டியல் தயாராக இருக்கிறது. ஆண்டவர் அவர்களை அறியவில்லை என்கிறார். இரண்டு காட்சிகளும் ஒரே சுவிசேஷத்தில் இருக்கின்றன. செய்தவர்கள் கணக்கு வைக்கவில்லை, கணக்கு வைத்தவர்கள் பிதாவின் சித்தத்தைச் செய்யவில்லை.

கீழ்ப்படிதல் வேண்டுமா என்ற கேள்விக்கு இயேசு தரும் பதில் இங்கே முழுமையாக இருப்பதாக நினைக்கிறேன். வேண்டும், நிச்சயமாக வேண்டும். அவர் தேடும் கீழ்ப்படிதலுக்குத் தன்னைப் பற்றிய நினைப்பே இருக்காது. கிருபை உள்ளே வேலை செய்திராவிட்டால் அப்படிப்பட்ட ஒன்றை யாராலும் வரவழைக்க முடியாது.

நான்கு நம்பர் லாட்டரி எடுப்பதை விட்டுவிடுவதாக எத்தனையோ தடவை ஜெபித்துவிட்டேன். மறுபடியும் போகிறேன். நான் இரட்சிக்கப்படவே இல்லையா?

பாவத்தோடு போராடுகிறவரும் பாவத்தோடு சமாதானமாகிவிட்டவரும் ஒன்றல்ல. ரோமர் 6-இல் பவுல் பாவத்தில் நிலைநிற்கலாமா என்று கேட்டு, "கூடாதே" என்று அடித்துச் சொல்கிறார். அடுத்த அதிகாரத்தில், விரும்புகிறதைச் செய்யாமல் வெறுக்கிறதையே செய்கிறேன் என்று ஒரு குரல் கதறுகிறது. அந்தக் கதறல் உங்களுடையதும் என்றால் உங்களைத் தள்ளிவைக்க எனக்கு அதிகாரம் இல்லை. "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்று 1 யோவான் 3:20 சொல்கிறது.

ஆனால் ஜெபம் மட்டும் போதாது. சம்பள நாளில் வங்கி அட்டையை மனைவியிடம் கொடுங்கள். எண் எடுக்கும் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து வேறு வழியில் வீட்டுக்குப் போங்கள். வட்டிக்கு விடுபவரிடம் கடன் இருந்தால் இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். மறைத்து வைத்தால்தான் அது வளரும். இவை எல்லாம் முயற்சிதான், வெட்கப்பட வேண்டியதில்லை. மற்ற அப்போஸ்தலர் எல்லாரிலும் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன், ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது என்று பவுலும் 1 கொரிந்தியர் 15:10-இல் சொல்கிறார்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பாதி ஞாயிறுகளில் ஆராதனைக்கு வர முடிவதில்லை. இது கீழ்ப்படியாமையா?

இல்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட உழைப்பதும் கீழ்ப்படிதல்தான். எபிரெயர் 10:25 சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்கிறது. அது ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தனியாக இருந்து சோர்ந்துபோவதுதான் ஆபத்து. ஷிஃப்ட் அட்டவணை கையில் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். உங்கள் பிரிவில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் ஓய்வு நாள் வாரத்தில் எந்தக் கிழமை வந்தாலும், இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டிலேயே கூடுவோம். திருவிருந்துக்குப் போதகரையும் கேட்டு வைக்கிறேன்.